நிலாவில் இருப்பது இரண்டே கல்: ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு

போன பௌர்ணமிக்கு அக்கா மகன் வந்திருந்தான். கையில் புது பைனாகுலர். ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், பத்து நிமிஷம் நிலாவையே பார்த்துவிட்டு, "மாமா, ஒரு பள்ளம்கூடத் தெரியல, டியூப்லைட்டைப் பார்க்கிற மாதிரி கண்ணு கூசுது, அவ்வளவுதான்" என்று பைனாகுலரைக் கழற்றி வைத்துவிட்டான். பாடப்புத்தகத்துப் படத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிற நிலா, நேரில் பார்த்தால் மழமழவென்று தட்டு மாதிரி இருக்கிறதே என்று அவனுக்கு ஏமாற்றம்.

தப்பு பைனாகுலரில் இல்லை, அவன் பார்த்த நாளில் இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கும், நிலா எதிரே இருக்கும். நாம் பார்க்கிற திசையிலேயே வெளிச்சமும் விழுவதால் எந்த மேட்டின் நிழலும் நம் கண்ணில் படாது. நிழல் இல்லாவிட்டால் மேடு ஏது, பள்ளம் ஏது? உச்சி வெயிலில் மண் ரோட்டைப் பாருங்கள், சமமாகத்தான் தெரியும். அதே ரோட்டைச் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பார்த்தால் ஒவ்வொரு கூழாங்கல்லும் நீளமாக நிழல் விட்டுக்கொண்டு நிற்கும். நிலாவிலும் அப்படித்தான். வெளிச்சப் பாதியும் இருட்டுப் பாதியும் சந்திக்கிற கோட்டில் சூரியன் அப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கும், அந்தக் கோட்டை ஒட்டித்தான் பள்ளங்களும் மலைகளும் துல்லியமாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியன்று அந்தக் கோடு நிலாவின் நடுவே ஓடும். நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிற அஷ்டமிதான் நிலா பார்க்க முதல்தரமான நாள்.

ஆனால் பௌர்ணமியை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். பள்ளம் தெரியாத அந்த ராத்திரியில்தான் நிலாவின் நிறங்கள் நன்றாகத் தெரியும். வெள்ளையாகக் கொஞ்சம், கறுப்புத் திட்டுகளாகக் கொஞ்சம். பழைய தமிழில் அந்தத் திட்டுக்கு மறு என்று பேர், நம் பாட்டிகள் அதையே முயல் என்றார்கள். இந்த வெள்ளையும் கறுப்பும் ஏன் என்பது மட்டும் பிடிபட்டுவிட்டால் நிலாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி முடிந்தது என்பது என் கட்சி. வெள்ளை ஒரு வகைக் கல், கறுப்பு இன்னொரு வகைக் கல். மற்றதெல்லாம் இந்த இரண்டின் மேல் விழுந்த அடியும் படிந்த தூசியும்தான்.

முயலைப் பற்றிச் சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நிலா கிழக்கே உதிக்கும்போது பார்த்தால் முயலின் காதுகள் மேலே தூக்கி இருக்கும், விடியற்காலை மேற்கே இறங்கும்போது அதே முயல் தலைகீழாகத் தொங்கும். நிலா திரும்பிவிடவில்லை. அது நம் தலைக்கு மேலாகக் கடந்து போகிறது, நாம்தான் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேற்குப் பக்கம் திரும்பி நிற்கிறோம். முயலின் தலை இருக்கிற கறுப்புத் திட்டுக்குப் பேர் அமைதிக் கடல். 1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய இடம் அது.

இந்தத் திட்டுகளுக்கு இன்றைய 'கடல்' பெயர்கள் வந்தது 1651இல். இத்தாலியில் ரிச்சோலி என்ற பாதிரியார் நிலாவின் வரைபடம் ஒன்றை வெளியிட்டார், கறுப்புத் திட்டுகளுக்கெல்லாம் மழைக்கடல், அமைதிக் கடல், புயல்களின் பெருங்கடல் என்று வானிலை அறிக்கை மாதிரிப் பெயர் வைத்தார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் விஞ்ஞானிகள் 'கடல்' என்றுதான் சொல்கிறார்கள், வெள்ளைப் பகுதிகளை 'மேட்டு நிலம்' என்கிறார்கள்.

இன்னொரு விஷயம், கேட்டால் நம்பமாட்டீர்கள். நிலா உண்மையில் வெள்ளையே இல்லை. அதன் மேல் விழுகிற வெளிச்சத்தில் சராசரியாக 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார் ரோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் முழு வெயிலில் ஒரு தார் ரோடு, அது நமக்குப் பால் மாதிரித் தெரிகிறது. ஆக நான் 'வெள்ளைக் கல்' என்பதும் பக்கத்தில் இருக்கிற கறுப்போடு ஒப்பிட்டால் வெள்ளை, அவ்வளவுதான்.

சரி, முதலில் வெள்ளைக் கல்.

ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் போன அப்பல்லோ 11 இறங்கியது கறுப்புப் பகுதியில். கொண்டுவந்த 21.5 கிலோவில் பெரும்பாலானது கறுப்புக் கல், அதன் தூள். கல்லெல்லாம் பொறுக்கி முடித்த பிறகு பெட்டியில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஆம்ஸ்ட்ராங் கடைசி நேரத்தில் சில அள்ளு மண்ணை வாரிப் போட்டு நிரப்பினார். வீட்டில் பார்சல் கட்டும்போது சாமான் ஆடாமல் இருக்க நாம் பழைய பேப்பரைத் திணிப்பதில்லையா, அந்த மாதிரி. விஞ்ஞானிகளுக்கு அந்த மண் புதையலாகிவிட்டது. அப்பல்லோ 11 மண்ணைச் சலித்துத் துகள் துகளாகப் பிரித்துப் பார்த்தவர்களில் ஜான் உட் என்ற அமெரிக்கரும் ஒருவர். அவர் கண்ணில் பட்டவை, கறுப்புத் துகள்களுக்கு நடுவே கொஞ்சமே கொஞ்சமாகக் கலந்திருந்த, குருணை அளவில் சில வெள்ளைத் துகள்கள். இது இந்த இடத்துக் கல் இல்லை, தூரத்தில் இருக்கிற வெள்ளை மேட்டு நிலத்தில் ஏதோ மோதி அங்கிருந்து தெறித்து வந்து விழுந்தது என்று அவர் ஊகித்தார். அந்த வெள்ளைத் துகள்களின் பெயர் அனார்த்தோசைட்.

அனார்த்தோசைட் என்பது கிட்டத்தட்ட ஒரே கனிமத்தால் ஆன கல். கால்சியமும் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு வகை ஃபெல்ஸ்பார், அதுவே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல். ஒரு கிரகத்தின் மேல்தோல் முழுக்க ஒரே கனிமத்தால் ஆகியிருக்கிறது என்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். எப்படி அது மட்டும் தனியாகப் பிரிந்து மேலே வந்தது? உட்டும் வேறு சிலரும் 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த கூட்டத்தில் சொன்ன விடை இதுதான்: பிறந்த புதிதில் நிலாவின் மேல் பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிக் கிடந்திருக்க வேண்டும். ஒரு நெருப்புக் கடல். அது ஆற ஆறக் கனிமங்கள் ஒவ்வொன்றாகக் கெட்டியாகும். இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த கனமான கனிமங்கள் அடியில் போய்த் தங்கும், லேசான ஃபெல்ஸ்பார் மேலே மிதக்கும். பால் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஏடு படிகிற மாதிரி. நாம் பார்க்கிற நிலாவின் வெள்ளை, அந்த ஏடு.

சில வெள்ளைத் துகள்களை வைத்துக்கொண்டு ஒரு கோளே உருகிக் கிடந்தது என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். அடுத்த வருஷமே, 1971இல், அப்பல்லோ 15இல் போன ஸ்காட்டும் இர்வினும் ஒரு மலையடிவாரத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு கல்லைக் கண்டெடுத்தார்கள். 269 கிராம், உள்ளங்கையில் அடங்கும். முழுக்க அனார்த்தோசைட். வயது 400 கோடி வருஷத்துக்கு மேல். பூமியில் அவ்வளவு பழைய பாறை தேடினாலும் கிடைப்பது அபூர்வம், இங்கேதான் மழையும் காற்றும் நிலத்தட்டு நகர்வும் சேர்ந்து பழசையெல்லாம் அரைத்துத் தீர்த்துவிடுகின்றனவே.

அப்புறம் இந்தக் கதையில் நாம் வருகிறோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம் நிலாவின் தென்பகுதி, கிட்டத்தட்ட 69 டிகிரி தெற்கு. அப்பல்லோக்காரர்கள் எல்லோரும் நடுக்கோட்டை ஒட்டியே இறங்கியவர்கள், அவ்வளவு தெற்கே மண்ணைத் தொட்டுச் சோதித்தவர் அதற்கு முன் எவரும் இல்லை. பிரக்யான் ரோவர் மொத்தம் நூறு மீட்டர் சொச்சம்தான் நகர்ந்தது, அதற்குள் 23 இடத்தில் நின்று நின்று ஒரு கருவியை மண்ணுக்கு மேல் இறக்கியது. அந்தக் கருவி ஆல்ஃபா துகளையும் எக்ஸ் கதிரையும் மண்ணின் மேல் பாய்ச்சும், மண்ணில் என்ன தனிமம் இருக்கிறதோ அது தன் அடையாளத்தோடு எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். 2024 ஆகஸ்டில் முடிவு வெளியானது. 23 இடத்திலும் ஏறக்குறைய ஒரே கலவை, இரும்பு கொஞ்சம் கலந்த அனார்த்தோசைட் வகை. ஆம்ஸ்ட்ராங் வாரிய மண்ணுக்கு வெகு தொலைவில், நிலாவின் இன்னொரு கோடியில், அதே ஏடு. உட் சொன்ன நெருப்புக் கடல் நிலா முழுக்கப் பரவியிருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. மெக்னீசியம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது, அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய பெரிய பள்ளத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சந்திரயான்-2க்காக லேண்டரையும் ரோவரையும் இங்கேயே சோதித்துப் பார்க்க நிலா மண் மாதிரி மண் வேண்டும், அதுவும் டன் கணக்கில். வெளிநாட்டில் விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. இஸ்ரோ தேடிக் கண்டுபிடித்த இடம் நாமக்கல் மாவட்டம், சித்தம்பூண்டி. அங்கேயும் பக்கத்தில் குன்னமலையிலும் இருப்பது அனார்த்தோசைட் பாறை, கால்சியம் நிறைந்த அதே வகை ஃபெல்ஸ்பார். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் உதவி செய்தார்கள், கிரஷரில் கொடுத்து அரைத்து, நிலா மண்ணின் அளவுக்குச் சலித்து, பெங்களூருக்கு அனுப்பி, அங்கே பரப்பி ரோவரை ஓட்டிப் பார்த்தார்கள். நிலாவுக்குப் போன வண்டி ஓட்டப் பழகியது நாமக்கல் மண்ணில். முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன மாவட்டம் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கறுப்புக் கல்.

இது பசால்ட். எரிமலைக் குழம்பு ஆறினால் வருகிற கல், மும்பை, புனே பக்கம் தக்காணப் பீடபூமியில் மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறதே, அதே இனம். நிலா ஆறி ஏடு படிந்த பிறகும் அடியில் சூடு மிச்சம் இருந்தது. யுரேனியம், தோரியம் மாதிரியான கதிரியக்கத் தனிமங்கள் உள்ளே இருந்துகொண்டு சிதைந்து சிதைந்து சூடேற்றின. அடியில் போய்ப் படிந்த கனமான கனிமங்கள் அங்கங்கே மறுபடி உருகி, விரிசல் வழியாக மேலே வந்தன. வந்த குழம்பு எங்கே தேங்கும்? பள்ளத்தில்தான் தேங்கும். அதற்கு முன்பே மாபெரும் விண்கற்கள் மோதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குத் தாம்பாளம் தாம்பாளமாகக் குழித்து வைத்திருந்தன, அவை நிரம்பின. அதனால்தான் கறுப்புத் திட்டுகள் வட்ட வட்டமாக இருக்கின்றன. மழைக்கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வட்டம், அதன் தென்கிழக்குக் கரையில் வளைந்து நிற்கும் அப்பெனைன் மலைகள் அந்த மோதலில் தூக்கி எறியப்பட்ட விளிம்பு. நம் இமயம் மாதிரி கோடிக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல மடிந்து எழுந்ததல்ல அது, ஒரே அடியில் எழும்பிய மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல்.

பெரும்பாலான குழம்பு 380 கோடியிலிருந்து 300 கோடி வருஷத்துக்கு முன்பு பாய்ந்தது. அதோடு நிலா செத்துவிட்டது என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் சீனாவின் சாங்'இ-5 கொண்டுவந்த 1,731 கிராம் மண்ணில் 200 கோடி வருஷத்துப் பசால்ட் இருந்தது. எதிர்பார்த்ததைவிட ரொம்பப் பிந்தி வரை நிலா கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கறுப்பிலும் ஒரே கறுப்பு கிடையாது. அமைதிக் கடலின் பசால்ட்டில் டைட்டானியம் அதிகம், அதனால் லேசாக நீலம் கலந்த சாயல். பக்கத்துத் திட்டில் டைட்டானியம் குறைவு, அங்கே கொஞ்சம் பழுப்பு. கண்ணால் பார்த்தால் தெரியாது, புகைப்படத்தில் நிறத்தைக் கூட்டினால் தெரியும். அந்த டைட்டானியம் கல்லில்தான் ஆர்மல்கோலைட் என்ற புதுக் கனிமம் கிடைத்தது, ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர். நிலாவைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கால் வைக்காமல் திரும்பிய காலின்ஸுக்கு இதிலாவது இடம் கிடைத்ததே.

இன்னொரு புதிர், நிலாவின் முதுகு. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும், மறுபக்கம் எப்படி இருக்கும் என்று 1959 அக்டோபர் வரை மனிதர் யாரும் பார்த்ததில்லை. சோவியத்தின் லூனா-3 படம் எடுத்து அனுப்பியபோது எல்லோரும் திகைத்தார்கள், ஏனென்றால் அங்கே கறுப்பையே காணோம். நம் பக்கத்தில் கிட்டத்தட்ட 31 சதவீதம் கறுப்பு, முதுகுப் பக்கத்தில் வெறும் 2 சதவீதம்தான். அங்கே மேலோட்டின் கனம் அதிகம், குழம்பால் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வருவது கஷ்டம். சூடேற்றுகிற கதிரியக்கத் தனிமங்களும் நம் பக்கத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. ஏன் அப்படி ஒரு பக்கம் மெல்லிசாகவும் மறுபக்கம் தடிப்பாகவும் ஆயிற்று என்பதில் இன்னும் ஆளுக்கொரு கருத்து. 2024 ஜூனில் சாங்'இ-6 முதல்முறையாக முதுகுப் பக்கத்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது, வாதம் தொடர்கிறது.

சரி, பள்ளங்கள். அக்கா மகன் தேடியது அதைத்தானே.

இவை எரிமலை வாய்கள் என்றுதான் நூறு வருஷத்துக்கு முன்பு வரை பெரும்பாலோர் நினைத்தார்கள். அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. விண்கல் என்றால் பல திசையிலிருந்து சாய்வாகத்தானே வந்து விழும், அப்படியானால் பள்ளம் நீள்வட்டமாக அல்லவா இருக்க வேண்டும், எல்லாம் ஏன் இப்படிக் கச்சிதமான வட்டமாக இருக்கிறது? நானும் சின்ன வயதில் இதைக் கேட்டு ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விடை வேகத்தில் இருக்கிறது. விண்கல் வருவது நொடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் மோதுகிற கல் மண்ணைத் தோண்டிக்கொண்டு போவதில்லை, மோதிய கணத்தில் அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமாகவும் அதிர்ச்சியாகவும் மாறி வெடிகுண்டு மாதிரி வெடிக்கிறது. வெடிகுண்டு எந்தத் திசையிலிருந்து வந்து விழுந்தாலும் அது பறிக்கிற குழி வட்டம்தான். குழியும் கல்லைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பெரிசாக இருக்கும். கல் ரொம்பத் தாழ்ந்து, தரையை உரசுகிற மாதிரி வந்தால் மட்டும் நீள்வட்டம் வரும், அப்படியும் சில உண்டு.

சின்னப் பள்ளம் என்றால் கிண்ணம் மாதிரி இருக்கும். இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் சுவர் சரிந்து படிக்கட்டாகும், நடுவில் ஒரு மலை எழும்பும். தண்ணீரில் கல்லைப் போட்டால் நடுவில் ஒரு துளி எம்பிக் குதிக்கிறதே, அதையே பாறை செய்கிறது, எம்பிய நிலையிலேயே உறைந்துவிடுகிறது. டைக்கோ பள்ளத்தைப் பாருங்கள். 85 கிலோமீட்டர் அகலம், சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தைவிட அதிகம். நடுவில் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மலை, அதன் உச்சியில் ஒரு பெரிய கட்டடம் அளவுக்கு ஒற்றைப் பாறாங்கல் உட்கார்ந்திருக்கிறது, நாசாவின் சுற்றுக்கலன் எடுத்த படத்தில் தெளிவாகத் தெரியும். யாரோ கொண்டுபோய் வைத்த மாதிரி அப்படி ஒரு இடம்.

டைக்கோ பிறந்து சுமார் 10 கோடி வருஷம்தான், பூமியில் டைனோசர்கள் இருந்த காலம். நிலாவின் கணக்கில் அது நேற்றுப் பெய்த மழை. அதனால்தான் அதிலிருந்து தெறித்த தூள் இன்னும் பளிச்சென்று நாலாபக்கமும் கதிர் கதிராக, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பௌர்ணமியன்று பைனாகுலரில் கட்டாயம் தெரிகிற பள்ளம் இது ஒன்று. உதிக்கும் நிலாவில் வலது பக்கம் பாருங்கள், உரித்த ஆரஞ்சுப் பழத்தின் காம்புப் பக்கம் மாதிரி கோடுகள் ஒரு புள்ளியில் வந்து கூடும்.

பழைய பள்ளங்களுக்கு இந்தக் கதிர்கள் இருக்காது, மங்கிப் போயிருக்கும். ஒரு இடத்தில் எத்தனை பள்ளம் என்று எண்ணினால் அந்த இடத்தின் வயது தெரியும் என்பதும் இதிலிருந்து வருகிற எளிய கணக்கு. திறந்தவெளியில் ரொம்ப நேரம் நின்ற வண்டியின் மேல் தூசி கூடுதலாக இருக்கும் இல்லையா. வெள்ளை மேட்டு நிலத்தில் பள்ளத்தின் மேல் பள்ளம், கால் வைக்க இடமில்லை. கறுப்புக் கடல்களில் பள்ளம் குறைவு, ஏனென்றால் அது பிறகு வந்து மெழுகிய தரை.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் நம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருக்கிறது. தென்துருவத்திலிருந்து எயிட்கென் என்ற பள்ளம் வரை நீளுகிற ஒரே குழி, அகலம் சுமார் 2,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி நேர்கோட்டில் டெல்லி போனாலும் குழி இன்னும் தீராது. அவ்வளவு பெரிய அடி விழுந்தபோது ஏட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் கிளறப்பட்டு வெளியே கொட்டியிருக்கும். சந்திரயான்-3 இறங்கியது அந்தக் குழியின் விளிம்புக்கு வெளியே சுமார் 350 கிலோமீட்டரில். பிரக்யான் கண்ட கூடுதல் மெக்னீசியம் அங்கிருந்து தெறித்து வந்த ஆழத்துச் சரக்காக இருக்கலாம் என்கிறார்கள்.

நிலாப் பள்ளங்களுக்கு விஞ்ஞானிகளின் பெயரை வைப்பது வழக்கம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் பெயரிலும் ஒன்று உண்டு, புயல்களின் பெருங்கடலில், அரிஸ்டார்க்கஸ் என்ற பளிச்சென்ற பள்ளத்துக்குப் பக்கத்தில். சின்னப் பள்ளம்தான், பைனாகுலரில் தேடவேண்டாம்.

கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அங்கே போய் இறங்குகிறவர் மிதிப்பது கல்லை அல்ல, புழுதியை. கோடிக்கணக்கான வருஷமாகப் பெரிசும் சிறிசுமாக விண்கற்கள் இடித்து இடித்துப் பாறையை மாவாக்கி வைத்திருக்கின்றன. கடல்களில் நாலைந்து மீட்டர், மேட்டு நிலத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் வரை இந்தப் புழுதிதான், ரெகோலித் என்று பேர். நம் ஊர் மணல் ஆற்றில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. அங்கே ஆறும் இல்லை காற்றும் இல்லை, ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்மையாக அப்படியே இருக்கும். அப்பல்லோ உடைகளை அது அறுத்தது, கருவி மூட்டுகளில் புகுந்து இறுக்கியது, 1972இல் போன புவியியல் வல்லுநர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைத்துத் தும்மல் வந்தது. வாசனை எப்படி என்று கேட்டபோது வெடித்த துப்பாக்கி மருந்து மாதிரி என்றார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை நம் தெரு நாறுமே, அதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புழுதி நல்ல போர்வையும்கூட. சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் ஒரு வெப்பமானிக் குச்சியை மண்ணில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கியது. மேலே 50 டிகிரிக்கு மேல், எட்டு சென்டிமீட்டர் கீழே பூஜ்யத்துக்கும் கீழே பத்து டிகிரி. ஒரு சாண் ஆழம்கூட இல்லை, அதற்குள் அறுபது டிகிரி வித்தியாசம். துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்றுகூட இல்லாததால் சூடு கீழே இறங்க வழியில்லை. ஐஸ் கட்டியை உமியில் புதைத்து வைப்பார்களே, அதே தந்திரம்.

ஐஸ் என்றதும் தண்ணீர் கேள்வி வரும். சுருக்கமாகச் சொல்கிறேன், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சந்திரயான்-1இல் போன நாசா கருவி நிலாவின் மேற்பரப்பில் தண்ணீரின் தடயத்தைக் கண்டதாக 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். நிலாவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் துருவத்துப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் பல கோடி வருஷமாக வெயிலே பட்டதில்லை, மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. அங்கே ஐஸ் உறைந்து தங்கியிருக்கிறது. அதே 2009 அக்டோபரில் நாசா ஒரு காலி ராக்கெட் பாகத்தை அப்படியொரு பள்ளத்தில் வேண்டுமென்றே மோதவிட்டுக் கிளம்பிய தூளைச் சோதித்தபோது எடையில் ஐந்தரை சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. குடம் குடமாக மொண்டு எடுக்கிற தண்ணீர் இல்லை, மண்ணோடு மண்ணாக உறைந்தது.

மொத்தமாக நிலா எதனால் ஆனது என்று கேட்டால், எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். ஆச்சரியப்பட வேண்டாம், மூச்சு விடுகிற காற்றாக இல்லை, கல்லுக்குள் சிலிக்கனோடும் அலுமினியத்தோடும் இரும்போடும் கட்டுண்டு கிடக்கிறது. நம் பூமியின் பாறையும் அப்படித்தான். இரண்டின் ஆக்சிஜனையும் நுணுகிப் பார்த்தால் ஒரே சாயல், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் நிலாவுக்கு இரும்புக் கரு ரொம்பச் சின்னது, அடர்த்தியும் பூமியின் 5.5க்கு எதிரே 3.3தான். 450 கோடி வருஷத்துக்கு முன்பு செவ்வாய் அளவுக் கோள் ஒன்று பூமியின் மேல் மோதி, இரும்பெல்லாம் பூமிக்குள் போக, மேலே இருந்த பாறைக் குழம்பு தெறித்துச் சேர்ந்ததுதான் நிலா என்று சொல்வது இந்த இரண்டு காரணத்தால்தான். நெருப்புக் கடலாகப் பிறந்தது என்பதும் இதோடு பொருந்துகிறது, அவ்வளவு சூட்டில் சேர்ந்தது வேறெப்படி இருக்கும்.

அஷ்டமியன்று அக்கா மகன் ஃபோன் செய்தான். மாடியில் நிற்கிறானாம். "மாமா, நடுக்கோட்டுல வரிசையா குழி தெரியுது, ஒரு குழி பாதி இருட்டா இருக்கு, அதுக்குள்ள நடுவுல ஒரு புள்ளி மட்டும் தனியா மின்னுது, என்ன அது?" என்றான். பள்ளத்து அடியில் இன்னும் விடியவில்லை, நடுவில் இருக்கிற மலையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்துவிட்டது, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிரு, புள்ளி பெரிசாகும் என்றேன். ஃபோனை வைக்காமலேயே பார்க்கப் போய்விட்டான்.